தீர்மானம் முன்னே, தகவல் பின்னே

கடலூருக்கு நகராட்சி வந்தது 1866இல், சிதம்பரத்துக்கு 1873இல். உள்ளாட்சியின் தந்தை என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே, அந்த ரிப்பன் பிரபு தன்னாட்சித் தீர்மானத்தை வெளியிட்டது 1882 மே மாதத்தில்தான். ஆக இரண்டு ஊர் நகராட்சியும் அந்தத் தீர்மானத்துக்கு மூத்தவை. அன்றைக்கு நகராட்சி என்றால் விஷயம் எளிது. தெரு கூட்டவும் விளக்கேற்றவும் காலராவைத் தடுக்கவும் ஊர்க்காரர்களிடமே வரி வாங்க வேண்டும். கணக்கைக் கலெக்டர் பார்த்துக்கொள்வார். வரி கீழிருந்து மேலே போகும். கணக்கும் கீழிருந்து மேலே போகும். வரி கட்டியவர் வீட்டுத் திண்ணைக்கு எதுவும் திரும்பி வராது.

இன்றைக்குச் சட்டப்படி அது திரும்பி வந்தாக வேண்டும். 1993 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்த 74ஆவது அரசியலமைப்புத் திருத்தம், 1998ஆம் ஆண்டின் ஒப்பந்தப்புள்ளிகள் வெளிப்படைத்தன்மைச் சட்டம், 2005இன் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2014இல் வந்த உள்ளாட்சி முறைமன்ற நடுவச் சட்டம், அதே ஆண்டின் உள்ளாட்சி நிதித் தணிக்கைச் சட்டம் என்று வரிசை நீளமாகவே இருக்கிறது. மத்தியச் சட்டம் வருவதற்கு எட்டு ஆண்டுகள் முன்பே, 1997இல், தகவல் உரிமைக்குத் தனிச் சட்டம் போட்ட பெருமையும் தமிழ்நாட்டுக்கு உண்டு. அந்தச் சட்டத்தை அதன் விதிவிலக்குகளே தின்றுவிட்டன என்பது வேறு கதை.

இந்த ஏற்பாடுகளைக் கடலூர், சிதம்பரம் என்ற இரண்டு ஊர்களின் மேல் வைத்துப் பார்த்தால் ஒன்று பளிச்சென்று தெரிகிறது. பணம் செலவான பிறகு கேள்வி கேட்க நமக்கு வழிகள் ஏராளம். தகவல் மனு போடலாம், தணிக்கை இருக்கிறது, முறைமன்ற நடுவர் இருக்கிறார், லஞ்ச ஒழிப்புத் துறை இருக்கிறது, உயர் நீதிமன்றமும் இருக்கிறது. செலவாகும் முன் கேட்க இருக்கும் வழிகளோ இரண்டு மூன்றுதான், அவையும் நோஞ்சான்கள். யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பது பழமொழி. நகராட்சியில் யானை போய் ஆறு மாதம் கழித்துத்தான் மணி ஒலிக்கிறது. அதுவும் யாராவது பத்து ரூபாய் வில்லை ஒட்டி மனு போட்டால்.

மன்றமே இல்லாத காலம்

முன்கூட்டிக் கேட்க வேண்டிய முதல் ஆள் கவுன்சிலர். அவரே இல்லாத காலம் ஒன்று இருந்தது. நாம் அதைச் சீக்கிரமே மறந்துவிட்டோம். 2016 அக்டோபரில் நடக்கவிருந்த உள்ளாட்சித் தேர்தலின் அறிவிப்பைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அதே மாதத்தில் பழைய மன்றங்களின் ஆயுளும் முடிந்தது. பிறகு வார்டு மறுவரையறை, இடஒதுக்கீட்டுச் சிக்கல், மேல்முறையீடு, கொரோனா என்று தேர்தல் தள்ளிக்கொண்டே போய், நகர்ப்புறங்களில் வாக்குப்பதிவு நடந்தது 2022 பிப்ரவரி 19இல். கடலூரின் 45 வார்டுகளிலும் சிதம்பரத்தின் 33 வார்டுகளிலும் ஐந்து ஆண்டும் நான்கு மாதமும் மக்கள் பிரதிநிதி என்று ஒருவர்கூட இல்லை. அந்த இடைவெளியில்தான் கொரோனா வந்தது, நிவர் புயல் வந்தது.

அரசியலமைப்பு இதை அனுமதிக்கவில்லை. மன்றத்தின் ஆயுள் முதல் கூட்டத்திலிருந்து ஐந்து ஆண்டு, அது முடியும் முன் அடுத்த தேர்தல் நடந்திருக்க வேண்டும் என்று 243யூ பிரிவு தெளிவாகச் சொல்கிறது. நடைமுறையில் வந்தவர் தனி அலுவலர். நகராட்சிகளில் ஆணையரே தனி அலுவலர். சாதாரண நாளில் ஆணையர் குறிப்பு எழுதி மன்றத்தின் முன் வைப்பார். மன்றம் ஏற்கும் அல்லது தள்ளும். தனி அலுவலர் காலத்தில் குறிப்பு எழுதிய கையே தீர்மானத்திலும் கையெழுத்துப் போட்டது. அது சட்டப்படி செல்லும். ஆனால் அந்த ஆண்டுகளில் போட்ட தீர்மானங்களை யார் விவாதித்தார்கள் என்று கேட்டால், ஒருவர் தனக்குத் தானே விவாதித்துக்கொண்டார் என்றுதான் பதில் வரும்.

இது முதல் தடவையும் அல்ல. 1986இல் தேர்வான மன்றங்களின் காலம் முடிந்த பிறகு, 1996 வரை தமிழ்நாட்டு நகரங்களில் தேர்தல் இல்லை.

2021இல் கடலூர் மாநகராட்சியாகத் தரம் உயர்ந்தது. பலகை மாறியது, 45 வார்டு 45 வார்டாகவே இருந்தது. 2022 மார்ச்சில் முதல் மேயர் தேர்தல். தி.மு.க. அறிவித்த வேட்பாளர் சுந்தரி ராஜாவை எதிர்த்து அதே கட்சிக் கவுன்சிலர் ஒருவரே நின்றார். சுந்தரி ராஜா வென்றார். கட்சி முடிவுக்கு மாறாக நடந்ததாகச் சொல்லிக் கடலூர் எம்.எல்.ஏ. ஐயப்பனைக் கட்சி தற்காலிகமாக நீக்கிவைத்தது. பக்கத்து நெல்லிக்குப்பத்தில் கூட்டணிக் கட்சியான வி.சி.க.வுக்கு ஒதுக்கிய தலைவர் பதவியைத் தி.மு.க.வைச் சேர்ந்தவரே போட்டியிட்டுப் பிடித்தார். மாநிலம் முழுக்க இப்படி நடந்ததால், முதல்வர் அவர்களைப் பதவி விலகச் சொல்லி அறிக்கை விட வேண்டியிருந்தது.

கட்சிச் சண்டை நம் கட்டுரைக்கு முக்கியமல்ல. அதில் தெரிகிற திசைதான் முக்கியம். மேயரை யார் தேர்ந்தெடுப்பது என்ற விதியே ஆட்சிக்கு ஆட்சி மாறிவந்திருக்கிறது. 1996இலும் 2001இலும் மக்கள் நேரடியாக வாக்களித்தார்கள். 2006இல் கவுன்சிலர்கள் வாக்களித்தார்கள். 2011இல் மறுபடியும் மக்கள். பிறகு சட்டம் முன்னும் பின்னும் ஆடி, 2019 நவம்பரில் ஓர் அவசரச் சட்டத்தோடு கவுன்சிலர்கள் பக்கம் வந்து நின்றது. நேரடித் தேர்தல் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் நம்பவில்லை. நேரடியாக வந்த மேயர்கள் மன்றத்தை மதிக்காமல் நடந்ததும் உண்டு. ஆனால் நாற்காலியைத் தந்தவர் யாரோ அவருக்குத்தான் கணக்கு ஒப்பிப்பார்கள். இன்றைக்கு அந்தக் கணக்கு மாவட்டச் செயலாளர் வீட்டோடு நின்றுவிடுகிறது.

அஜெண்டாக் கட்டு

மன்றக் கூட்டத்துக்குச் சில நாள் முன்பு கவுன்சிலர் வீட்டுக்கு ஒரு காகிதக் கட்டு வரும். அஜெண்டா என்பார்கள், அதற்குள் இருப்பவை ‘பொருள்கள்’. எந்த நகராட்சியின் கட்டைப் பிரித்தாலும் பொருள்களில் பெரும்பகுதி ஒரே அச்சில் வார்த்திருக்கும். இன்ன வார்டு, இன்ன தெருவில் குடிநீர்க் குழாய் உடைந்தது. பொதுமக்கள் நலன் கருதி அவசரமாகச் சரிசெய்யப்பட்டது. இதற்கு இவ்வளவு ரூபாய் செலவு. தலைவரின் முன் அனுமதி பெறப்பட்டுள்ளது. மன்றத்தின் பின்னேற்புக்கு வைக்கப்படுகிறது. அடியில் அலுவலகக் குறிப்பு: ‘மன்றம் அனுமதிக்கலாம்.’ கூட்டத்தன்று ஒருவர் பொருள் எண்களை வேகமாக வாசிப்பார். நடுவில் யாராவது தன் வார்டில் தெருவிளக்கு எரியவில்லை என்று எழுந்து கத்துவார், எதிர்க்கட்சிக்காரர்கள் வெளிநடப்புச் செய்வார்கள். முடிவில் ‘ஆல் பாஸ்.’ அடுத்த நாள் பத்திரிகையில் வெளிநடப்புதான் செய்தியாகும். பாஸான பொருள்கள் செய்தியாகாது.

மோட்டார் பழுது, பிளீச்சிங் பவுடர், ஜெனரேட்டர் டீசல், மழைக்காலத்து ஜேசிபி வாடகை எல்லாம் இப்படிப் பின்னேற்புக்கு வருகிறவைதாம். கடலூரில் அவசரம் பொய்யல்ல. 2004 சுனாமி, 2011 டிசம்பர் 30 தானே புயல், 2015 வெள்ளம், 2020 நிவர், 2024 ஃபெஞ்சல் என்று அந்த ஊர் பட்டதைப் போல வேறு எந்த ஊரும் பட்டிருக்காது. புயலுக்கு நடுவே தீர்மானம் போட்டுத்தான் மரம் அறுக்க வேண்டும் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் வடகிழக்குப் பருவமழை காலண்டரில் இருக்கிறது. நவம்பரில் ஜேசிபி தேவைப்படும் என்பது ஜூனிலேயே தெரியும். ஜூனில் விலைப்புள்ளி வாங்கி மணி நேரத்துக்கு இவ்வளவு என்று ஒப்பந்தம் போட்டு வைத்தால், நவம்பரில் அவசரம் என்ற சொல்லுக்கே பாதி வேலை இருக்காது. எதிர்பார்த்த ஒன்றை எதிர்பாராததாக எழுதுகிற இடத்தில்தான் கணக்கு கைவிட்டுப் போகிறது.

நேரத்தில் வராத தகவல் எவ்வளவு விலை கேட்கும் என்பதை அதே ஊர் 2024 டிசம்பரில் பார்த்தது. சாத்தனூர் அணையிலிருந்து நொடிக்கு 1.68 லட்சம் கன அடி வரை தண்ணீர் திறந்துவிட, தென்பெண்ணைக் கரை ஊர்கள் மூழ்கின. ஐந்து முறை எச்சரிக்கை கொடுத்தோம் என்றது அரசு. எங்களுக்கு எதுவும் வந்து சேரவில்லை என்றார்கள் கரையோரத்து மக்கள். இரண்டுமே உண்மையாக இருக்கலாம். எச்சரிக்கை அலுவலகத்திலிருந்து அலுவலகத்துக்குப் போயிருக்கும். அங்கிருந்து தெருமுனைக்கு வருகிற கடைசி ஒரு கிலோமீட்டர்தான் நம் நிர்வாகத்தில் எப்போதும் அறுந்து கிடக்கிறது. அணை மாநகராட்சியின் பொறுப்பல்ல. வார்டில் ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோவை ஓட விடுவது மாநகராட்சியின் வேலைதான்.

எம்-புக்

ஒப்பந்த வேலையில் உண்மை எங்கே படுத்திருக்கிறது என்று கேட்டால், பொறியியல் பிரிவில் வேலை பார்த்த யாரும் யோசிக்காமல் சொல்வார்கள்: எம்-புக். அளவுப் புத்தகம். ஒரு தெருவுக்கு சிமென்ட் சாலை போட்டால், நீளம் எத்தனை மீட்டர், அகலம் எத்தனை, கனம் எத்தனை என்று இளநிலைப் பொறியாளர் அளந்து எழுத வேண்டியது அதில்தான். மேலதிகாரி குறிப்பிட்ட பங்கைத் தானே அளந்து சரிபார்த்துக் கையெழுத்திட வேண்டும். எம்-புக்கில் ஏறினால்தான் பில் பாஸாகும். எஸ்டிமேட்டில் 15 சென்டிமீட்டர் கனம் என்று இருக்கும், எம்-புக்கிலும் 15 என்றே இருக்கும். தெருவில் எவ்வளவு இருக்கிறது என்பதைச் சாலையின் ஓரத்தை ஓர் அளவுகோலால் தொட்டுப் பார்க்கிறவரே சொல்ல முடியும். முதல் மழைக்குப் பிறகு அளவுகோலும் தேவைப்படாது.

இதில் பலருக்குத் தெரியாத ஒரு செய்தி உண்டு. தகவல் அறியும் உரிமை என்றால் மனு எழுதிக் காகிதம் வாங்குவது என்றே நினைக்கிறோம். சட்டத்தின் 2(ஜெ) பிரிவைப் படித்தால், வேலை நடந்த இடத்தையும் ஆவணங்களையும் நேரில் பார்வையிடும் உரிமையும், பயன்படுத்திய பொருளின் சான்றிட்ட மாதிரியை எடுக்கும் உரிமையும் அதில் அடங்கும். அதாவது சிதம்பரம் மேல வீதியில் போட்ட கலவையைக் கைப்பிடி அளவு எடுத்துத் தரச் சொல்லி, உள்ளூர்ப் பொறியியல் கல்லூரி ஆய்வகத்தில் கொடுத்துப் பார்க்க முடியும். அந்த உரிமையைப் பயன்படுத்துகிறவர்கள் மிகக் குறைவு.

பயன்படுத்தினால் என்ன நடக்கும் என்பதற்கு டெல்லியில் முன்னுதாரணம் இருக்கிறது. 2002 டிசம்பரில் சுந்தர் நகரி என்ற ஏழைகள் குடியிருப்பில் பரிவர்த்தன் அமைப்பு மாநகராட்சியின் 68 வேலைகளின் ஒப்பந்த நகல்களை வாங்கி, மக்களைக் கூட்டித் தெருத் தெருவாக வாசித்தது. மொத்தம் சுமார் 1.3 கோடி ரூபாய் வேலை. அதில் சுமார் 70 லட்சம் ரூபாய்க்கான பொருள்கள் தரையிலேயே இல்லை என்று அந்தக் கூட்டத்தில் தெரியவந்தது. காகிதத்தில் இருந்த கைபம்பு தெருவில் இல்லை. இதற்கும் முன்பு, 1990களின் நடுவில், ராஜஸ்தான் கிராமங்களில் அருணா ராய் முதலியோர் நடத்திய மக்கள் விசாரணைகளிலிருந்து வந்த முறை அது. 1996இல் பியாவர் என்ற நகராட்சி ஊரில் நாற்பது நாள் உட்கார்ந்து அவர்கள் கேட்டதும், பில், வவுச்சர், வருகைப் பதிவு ஆகியவற்றின் நகல்களைத்தான். நாடு முழுமைக்குமான தகவல் சட்டத்தின் வேர் இப்படி ஒரு சிற்றூர்ச் சந்தையடியில் இருக்கிறது.

எம்-புக்கைக் கேட்கிற எல்லாரும் நல்லவர்கள் என்று சொல்ல வரவில்லை. மனுப் போட்டுவிட்டு ஒப்பந்ததாரரிடம் போய்ப் பேரம் பேசுகிற கூட்டமும் ஊருக்கு ஊர் உண்டு. அதிகாரிகளின் புலம்பலில் நியாயம் இருக்கிறது. அதற்கு மருந்து மனுவைக் குறைப்பதல்ல. எஸ்டிமேட், ஒர்க் ஆர்டர், எம்-புக் பக்கம் மூன்றையும் வேலை நடக்கிற தெருவிலேயே ஒட்டிவிட்டால் பேரம் பேசுகிறவர் கையில் விற்பதற்குச் சரக்கு இருக்காது. சட்டத்தின் 4ஆவது பிரிவு, கேட்காமலே வெளியிட வேண்டிய 17 வகைத் தகவல்களை அடுக்கியிருக்கிறது. பல அலுவலகங்களில் அது ஒரு முறை தட்டச்சு செய்து, அதிகாரிகளின் பெயர்கூட மாற்றாமல் கிடக்கும் கையேடாகவே இருக்கிறது.

கேட்டால் வருகிற பதில்களுக்கும் வாய்ப்பாடு உண்டு. கோரிய வடிவில் தகவல் தொகுக்கப்படவில்லை. மூன்றாம் நபர் சம்பந்தப்பட்டது. கோப்பு தணிக்கையில் உள்ளது. துப்புரவு உள்ளிட்ட வேலைகள் ஒப்பந்த நிறுவனங்களுக்குப் போன பிறகு இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது: விவரம் ஒப்பந்ததாரரிடம் உள்ளது. ஒரு துப்புரவுத் தொழிலாளிக்கு மாநகராட்சி கொடுக்கும் கூலி எவ்வளவு, அவர் கைக்குப் போவது எவ்வளவு, பி.எஃப். கட்டினார்களா என்பது ஊரின் மிக முக்கியமான கணக்குகளில் ஒன்று. சட்டப்படி அலுவலகம் பெறக்கூடிய தனியார் தகவலும் தகவல்தான் என்று 2(எஃப்) பிரிவு சொன்னாலும், அதை வாதாட மாநிலத் தகவல் ஆணையம் வரை போக வேண்டியிருக்கிறது. போய் ஆணை வாங்கி வருவதற்குள் ஒப்பந்தமே முடிந்திருக்கும். இப்போது 2023ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தனிநபர் தகவல் தொடர்பான 8(1)(ஜெ) பிரிவில் இருந்த பொதுநல விதிவிலக்கை எடுத்துவிட்டது. பயனாளிகள் பட்டியலோ அதிகாரியின் நடவடிக்கையோ, எதைக் கேட்டாலும் ‘தனிப்பட்ட தகவல்’ என்று எழுதுவது இனி இன்னும் சுலபம்.

பக்கெட்டில் பிடித்த காற்று

அரசு தகவல் தராதபோது மக்களே தகவலை உண்டாக்கிய கதை கடலூரில் இருக்கிறது. ஊரின் தெற்கே சிப்காட் ரசாயனத் தொழிற்பேட்டை. குடிகாடு, ஈச்சங்காடு, சங்கொலிக்குப்பம் மக்கள் ஆண்டுக்கணக்கில் நாற்றம் என்று புகார் சொன்னார்கள். நாற்றத்துக்கு ஆதாரம் கேட்டது நிர்வாகம். 2004இல் கிராமத்து ஆள்களே சிப்காட் பகுதிச் சமுதாயச் சுற்றுச்சூழல் கண்காணிப்பாளர்கள் என்று கூடினார்கள். எந்த நேரத்தில், எந்தத் திசைக் காற்றில், எந்த ஆலைக்கு அருகில், என்ன மாதிரி வாடை — அழுகிய முட்டையா, நெயில் பாலிஷா, செத்த பிணமா — என்று நோட்டில் எழுதினார்கள். மூடிய பக்கெட்டுக்குள் ஒரு பை வைத்து, பம்பால் காற்றை உறிஞ்சிப் பிடித்து, வெளிநாட்டு ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். முடிவில் இருபதுக்கும் மேற்பட்ட நச்சு ரசாயனங்கள் இருந்தன; அவற்றில் சில புற்றுநோயை உண்டாக்குபவை. அறிக்கை வந்த பிறகு உச்ச நீதிமன்றத்தின் கண்காணிப்புக் குழு கடலூர் பக்கம் திரும்பியது.

இந்தக் கிராமங்கள் நகராட்சிக்கு வெளியே, ஊராட்சிகளில் இருப்பவை. ஆனால் காற்று எல்லைக்கல் பார்த்து வீசுவதில்லை. கடலூர் முதுநகரில் குடியிருப்பவரும் அதே காற்றைத்தான் சுவாசிக்கிறார். எனக்கு இந்தக் கதையில் பிடித்தது பக்கெட் அல்ல, நோட்டு. நாளும் நேரமும் போட்டு எழுதிய நோட்டை யாராலும் ‘பொதுவான குற்றச்சாட்டு’ என்று ஒதுக்க முடியவில்லை. கெடிலம் கரையில் கம்மியம்பேட்டைக் குப்பைக் கிடங்கு புகைகிறது என்று பல ஆண்டுகளாகப் பேசுகிறோம். எந்தெந்த நாளில், எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை புகைந்தது என்ற நோட்டு ஒன்று வார்டுக்கு வார்டு இருந்தால் அந்தப் பேச்சு வேறு மாதிரி போயிருக்கும்.

கடலூர் பேருந்து நிலையத்தை எம்.புதூருக்குக் கொண்டுபோகும் முடிவிலும் சிக்கல் இடம் சரியா தவறா என்பதோடு முடியவில்லை. பொதுநல அமைப்புகளும் கட்சிகளும் தெருவில் இறங்கியது முடிவு எடுத்த பிறகு. எத்தனை இடங்கள் பரிசீலிக்கப்பட்டன, ஒவ்வொன்றுக்கும் செலவு எவ்வளவு, எந்தப் பகுதியிலிருந்து எத்தனை பேர் தினமும் வருகிறார்கள் என்ற ஒப்பீட்டுத் தாள் முன்பே ஊருக்குள் சுற்றியிருந்தால், சண்டை நடந்திருக்கும். ஆனால் எண்களை வைத்து நடந்திருக்கும்.

யார் போட்ட வரி?

2022 ஏப்ரலில் தமிழ்நாடு முழுக்கச் சொத்து வரி உயர்ந்தது. சென்னை தவிர்த்த நகரங்களில் 600 சதுர அடிக்குள் உள்ள வீட்டுக்கு 25 சதவீதம், 1,800 சதுர அடிக்கு மேல் போனால் 100 சதவீதம் என்பது கணக்கு. மன்றங்கள் பதவியேற்று ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. கவுன்சிலர்கள் தீர்மானம் போட்டார்கள். அவர்களுக்கு அந்த உத்தரவு சென்னையிலிருந்து வந்தது. வரியை ஏற்றினால்தான் மானியம் என்ற நிபந்தனை 15ஆவது நிதி ஆணையத்திடமிருந்து, அதாவது டெல்லியிலிருந்து, சென்னைக்கு வந்தது. திட்டு மட்டும் கவுன்சிலர் வீட்டு வாசலில்.

வரி ஏற்றியதை நான் தவறு என்று சொல்ல மாட்டேன். பல ஆண்டுகள் தொடாமல் விட்ட வரி அது. ஆனால் ஏற்றியவர் யார் என்பதே தெரியாத ஊரில் யாரிடம் கணக்குக் கேட்பது? ஆணையரின் மாறுதல் உத்தரவு சென்னையில், பெரிய திட்டங்களின் தொழில்நுட்ப அனுமதி சென்னையில், பாதாளச் சாக்கடையைக் கட்டுவது வேறு வாரியம், குடிநீரின் ஒரு பங்கு வேறு திட்டம். தோண்டிய சாலையை மூடுவது யார் பொறுப்பு என்று கேட்டுக் கடலூர்க்காரர்கள் ஆண்டுக்கணக்கில் புழுதி தின்றார்கள். சிதம்பரத்தில் எல்லை இன்னும் குழப்பம். வெளியூர்க்காரருக்குப் பல்கலைக்கழகமும் சிதம்பரம்தான். நிர்வாகத்தில் அண்ணாமலை நகர் தனிப் பேரூராட்சி. ரயில்வே தண்டவாளத்தைத் தாண்டினால் குப்பைக்கும் சாக்கடைக்கும் வேறு அலுவலகம்.

சிதம்பரம் என்றதும் கணக்கு விவகாரமாகத் தமிழ்நாட்டுக்கு நினைவுக்கு வருவது நடராசர் கோயில்தான். செயல் அலுவலர் நியமனத்தை 2009இல் உயர் நீதிமன்றம் ஏற்றதும், 2014 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்ததும், 2022இல் அறநிலையத் துறைக் குழு வந்து கணக்குக் கேட்டதும் தலைப்புச் செய்திகள். தீட்சிதர்கள் பக்கமும் அரசு பக்கமும் வாதங்கள் இருக்கின்றன. அதற்குள் போக இது இடமல்ல. என் ஆச்சரியம் வேறு. உண்டியல் கணக்கு பற்றி மணிக்கணக்கில் பேசுகிற ஊரில், கோயிலைச் சுற்றியுள்ள நான்கு வீதிகளின் கழிவுநீர்க் கணக்கு பற்றி ஒரு தேநீர்க் கடையிலும் பேச்சு எழுவதில்லை. 2013இல் அரசு அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை எடுத்துக்கொண்டபோது அங்கே நிதி நெருக்கடி எவ்வளவு முற்றியிருந்தது என்பது வெளியே தெரிந்ததும் இதே ஊரில்தான். பெரிய நிறுவனங்களின் கணக்கு பற்றி இவ்வளவு பார்த்த பிறகும் தன் நகராட்சியின் பட்ஜெட் தாளைப் புரட்டாமல் இருப்பது சிதம்பரத்தின் தனிக் குணம் அல்ல; எல்லா ஊரும் அப்படித்தான்.

உத்திரமேரூர் கல்வெட்டை மேற்கோள் காட்டாத உள்ளாட்சி மேடை தமிழ்நாட்டில் இல்லை. குடவோலை முறை பற்றிச் சொல்வார்கள், ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய ஜனநாயகம் என்பார்கள். அது பிராமணச் சபை, நிலம் வைத்திருப்பவருக்கான சபை என்பதைச் சொல்ல மாட்டார்கள், அதுகூடப் போகட்டும். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினர்களும் குடத்தில் ஓலை இட முடியாது என்று அதே கல்வெட்டில் இருக்கிற விதியையும் சொல்ல மாட்டார்கள். இன்றைக்கு உள்ளாட்சி நிதித் தணிக்கைத் துறை எழுப்பும் தணிக்கைத் தடைகள் ஆண்டுகளைக் கடந்து நிலுவையில் கிடக்கின்றன. தடைக்குப் பதில் எழுத வேண்டிய அதிகாரி மாறுதலாகி, அடுத்தவரும் மாறுதலாகி, சம்பந்தப்பட்ட தலைவர் அடுத்த தேர்தலில் வேட்புமனுவும் போட்டுவிடுவார்.

பகுதி சபை

செலவுக்கு முன்னால் பேசுவதற்கென்று வந்த புதிய ஏற்பாடு, வார்டு கமிட்டியும் பகுதி சபையும். கிராமத்தில் வாக்காளர் எல்லாரும் கிராம சபை உறுப்பினர். ஆண்டுக்கு ஆறு கூட்டம். நகரத்துக்கு அப்படி எதுவும் இருந்ததில்லை. 74ஆவது திருத்தம் 3 லட்சம் மக்கள்தொகைக்கு மேற்பட்ட நகரங்களுக்கே வார்டு கமிட்டியைக் கட்டாயமாக்கியது. 2011 கணக்கெடுப்பில் கடலூரில் சுமார் 1.73 லட்சம் பேர், சிதம்பரத்தில் சுமார் 62 ஆயிரம் பேர். அதாவது, பக்கத்தில் ஐந்நூறு வீடு உள்ள கிராமத்துக்காரருக்குக் கூட்டத்தில் எழுந்து கேட்க உரிமை இருந்தது. சிதம்பரம் கனகசபை நகர்க்காரருக்கு இல்லை.

தமிழ்நாடு 2022இல் விதிகளை வகுத்துச் சிறிய நகரங்களையும் உள்ளே கொண்டுவந்தது நல்ல காரியம். அந்த ஆண்டு நவம்பர் 1, உள்ளாட்சி நாளன்று, மாநிலம் முழுக்க முதல் பகுதி சபைகள் நடந்தன. முதல்வர் பம்மலில் கலந்துகொண்டார். 2023 ஏப்ரலில், இருபத்தைந்து ஆண்டு தூங்கிய 1998ஆம் ஆண்டின் நகர்ப்புற உள்ளாட்சிச் சட்டமும் விதிகளோடு உயிர் பெற்றது. ஆனால் பகுதி சபையின் பிரதிநிதியை மக்கள் தேர்ந்தெடுப்பதில்லை, மன்றம்தான் நியமிக்கிறது. கவுன்சிலர் தலைவர்; அவருக்கு வேண்டியவர்கள் உறுப்பினர்கள் என்று ஆவதற்கு அதிக நாள் பிடிக்காது. கூட்டத்தில் வருவதும் குறைகளின் பட்டியல்தான்: விளக்கு, குழாய், நாய். இவ்வளவு பணம் இருக்கிறது, எந்த வேலையை முதலில் செய்யலாம் என்ற கேள்வி அங்கே வைக்கப்படுவதில்லை. பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரியில் 1989இல் தொடங்கிய பங்கேற்பு பட்ஜெட்டும், 1996இல் கேரளம் தொடங்கிய மக்கள் திட்டமும் ஓரளவு வேலை செய்ததற்குக் காரணம், மக்கள் முன் ஒரு தொகையை வைத்துவிட்டுப் பேசச் சொன்னதுதான். தொகை இல்லாத கூட்டத்துக்கு இரண்டாம் முறை யாரும் வர மாட்டார்கள்.

பெரிய சட்டம் எதுவும் இப்போதைக்குத் தேவையில்லை. மன்றக் கூட்டம் பொதுமக்கள் வந்து பார்க்கத் திறந்தது என்பது 1920ஆம் ஆண்டு நகராட்சிச் சட்டக் காலத்திலிருந்தே உள்ள நடைமுறை. அஜெண்டா கவுன்சிலர் வீட்டுக்குப் போகிற அன்றே அலுவலக வாசலிலும் இணையத்திலும் வரட்டும். பின்னேற்புப் பொருள்கள் எத்தனை, அவற்றின் மொத்தத் தொகை எவ்வளவு என்று ஒவ்வொரு கூட்டத்தின் முதல் பொருளாக வாசிக்கட்டும். அடுத்த ஆண்டு பட்ஜெட்டில் வார்டுக்கு ஒதுக்கும் தொகையை ஜனவரிக் கூட்டத்திலேயே பகுதி சபை முன் வைக்கட்டும். மூன்றுக்கும் ஓர் ஆணையரின் சுற்றறிக்கை போதும். அந்தச் சுற்றறிக்கை ஏன் வருவதில்லை என்பதற்கு எனக்குத் தெரிந்த ஒரே காரணம், அதைக் கேட்டு இதுவரை எந்த வார்டும் நச்சரிக்கவில்லை என்பதே.

நச்சரிக்க அதிக அவகாசமும் இல்லை. 2022 மார்ச் 2இல் பதவியேற்ற மன்றங்களின் ஐந்து ஆண்டு 2027 மார்ச் தொடக்கத்தில் முடிகிறது. கடலூர் மாவட்டத்தின் ஊராட்சிகளில் அந்தக் கெடு 2025 ஜனவரியிலேயே முடிந்து, அங்கே தனி அலுவலர்கள் உட்கார்ந்தார்கள். குறிப்பு எழுதுபவரே தீர்மானமும் போடுகிற அந்த ஏற்பாடு நகரங்களுக்கும் மறுபடி வருமா என்பது, தேர்தல் ஆணையமும் அரசும் 2026 முடிவதற்குள் வார்டு வரையறையையும் இடஒதுக்கீட்டுப் பட்டியலையும் முடிக்கிறார்களா என்பதில் இருக்கிறது. அந்தப் பட்டியல் எப்போது வெளிவரும் என்று கேட்டு இன்றைக்கே ஒரு மனு போடலாம். பத்து ரூபாய்தான்.